கட்டையும் காதும்: கீபோட் பியானோ ஒலி பற்றி வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் மெல்லிசைக் குழுவில் ஒரு வேர்க்ஸ்டேஷன் கீபோட் (பல வாத்திய ஒலிகளும் ஒரே பெட்டிக்குள் உள்ளது) பாவிக்கிறோம். வீட்டில் ஹெட்போனில் கேட்டால் பியானோ சவுண்ட் அவ்வளவு வடிவாக இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கரில் போட்டதும் சில சுரங்கள் அமுங்கிவிடுகின்றன, தண்ணீருக்குள் இருந்து வாசித்ததுபோலக் கேட்கிறது. பிழை கீபோட்டிலா, சவுண்ட்காரரிலா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: இரண்டு பேரிலும் இல்லை. நீங்கள் கீபோட்டின் பின்புறத்தில் ‘எல்/மோனோ’ என்ற ஓட்டையில் ஒரே ஒரு வயரைச் செருகியிருப்பீர்கள். அங்கேதான் விஷயம்.

பியானோவைப் பதிவுசெய்யும்போது குறைந்தது இரண்டு மைக் வைப்பார்கள். ஒரு தந்தியின் ஒலி ஒரு மைக்கைச் சற்று முன்பும் மற்றதைச் சற்றுப் பின்பும் எட்டும். இடதும் வலதும் தனித்தனியாகக் காதுக்கு வரும்போது அந்தச் சிறு தாமதம்தான் ‘பெரிய பியானோவுக்கு முன்னால் இருக்கிறோம்’ என்ற உணர்வைத் தருகிறது. வலது ஓட்டையை வெறுமையாக விட்டால், கீபோட் இரண்டு பக்கத்தையும் உள்ளேயே ஒன்றாகக் கூட்டி அனுப்பும். கூட்டும்போது அதே தாமதம் எதிரியாகிறது. மைக்குகளுக்கான தூரத்தில் 34 சென்ரிமீற்றர் வித்தியாசம் என்றால் தாமதம் 1 மில்லிசெக்கன். அந்தக் கணக்கில் 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் ஒரு பக்கம் மேலே போகும்போது மறுபக்கம் கீழே போய், ஒன்றையொன்று அழிக்கும். நடு சி-க்கு மேலே வரும் பி 494 ஹெர்ட்ஸ். அந்தக் கட்டையை அழுத்தினால் சுரத்தின் அடித்தளமே காணாமல்போகும், தள்ளியிருக்கும் கட்டைகள் நன்றாகக் கேட்கும். தண்ணீருக்குள் வாசித்ததுபோல என்று நீங்கள் சொன்னது இதைத்தான்.

மண்டபத்து ஸ்பீக்கர்கள் உண்மையிலேயே ஸ்டீரியோவாக ஓடுகின்றனவா என்று முதலில் கேளுங்கள். ஓடினால் இரண்டு வயர், மிக்ஸரில் இரண்டு சனல், ஒன்றை முழு இடதுக்கும் மற்றதை முழு வலதுக்கும் திருப்பினால் போதும். ஆனால் பெரும்பாலான மண்டபங்களில் இரண்டு பக்கமும் ஒரே சிக்னல்தான் போகும். அப்படியானால் கீபோட்டில் ‘மோனோ பியானோ’ என்ற பெயரில் ஒரு சவுண்ட் இருக்கிறதா பாருங்கள். மேடைக்கென்றே கம்பனிகள் அதைச் சேர்க்கின்றன. ஹெட்போனில் அது சப்பென்று இருக்கும் என்பதால் யாரும் தேடுவதில்லை. மண்டபத்தில் அதுதான் நிமிர்ந்து நிற்கும்.

அப்படி ஒன்று இல்லையென்றால் இன்னொரு வழி. மறுமுனை எதிலும் செருகப்படாத ஒரு வயரை வலது ஓட்டையில் போடுங்கள். கீபோட் ஸ்டீரியோ என்று நினைத்துக் கூட்டுவதை நிறுத்திவிடும். இடது பக்கத்தை மட்டும் மிக்ஸருக்குக் கொடுங்கள். பெரும்பாலான பியானோப் பதிவுகளில் இடது பக்கத்தில் கீழ்ச்சுரம் கூடவும் மேல்ச்சுரம் குறைவாகவும் இருக்கும், ஆகவே 250 ஹெர்ட்ஸ் அளவில் 3 டெசிபெல் குறைத்து, 3 கிலோஹெர்ட்ஸ் அளவில் 2 டெசிபெல் கூட்டுங்கள். பேஸ் கிற்றார் இருக்கும் குழுவென்றால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பியானோவுக்கு இடமே வேண்டாம். மண்டபம் தானாகவே எதிரொலிக்கும், எனவே கீபோட்டின் ரிவேர்பையும் பாதிக்குக் கீழே இறக்குங்கள்.


கேள்வி: ஒரு மொடலுக்குச் சில நூறு மெகாபைட், இன்னொன்றுக்குப் பல ஜிகாபைட் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். கூட இருந்தால் பியானோ நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வத்தளை வாசகி

பதில்: ஓரளவுக்குத்தான். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

சிடி தரத்தில் ஒரு செக்கன் ஸ்டீரியோ ஒலிக்கு ஏறத்தாழ 176 கிலோபைட் வேண்டும். பியானோவின் 88 கட்டைகளையும், ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக, மிகப் பலமாக என்று 4 விதமாக அடித்து, ஒவ்வொரு தடவையும் 15 செக்கன் பதிவுசெய்தால் மொத்தம் 5,280 செக்கன். கிட்டத்தட்ட 930 மெகாபைட். ஒரேயொரு பியானோவுக்கு மட்டும். கீழ்ச்சுரங்கள் 15 செக்கனிலும் அடங்காது என்பது வேறு கதை.

இதை வைத்து 1988இல் வந்த கோர்க் எம்1-ஐ நினைத்துப் பாருங்கள். டிரம்ஸ், வயலின், புல்லாங்குழல் எல்லாமாகச் சேர்த்து அதற்கு 4 மெகாபைட். சிடி தரத்தில் மோனோவாகப் போட்டாலும் 47 செக்கன் ஒலிதான் அடங்கும். அதற்குள் ஒரு பியானோவைத் திணிக்க மூன்று வேலை செய்தார்கள். ஒரு சுரத்தின் பதிவை வேகம் கூட்டிக் குறைத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கும் பாவித்தார்கள். அடி விழுந்த கொஞ்ச நேரத்தை மட்டும் வைத்து, மிச்சத்துக்கு ஒரு சிறு துண்டைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டார்கள். மெதுவான அடிக்கும் பலமான அடிக்கும் ஒரே பதிவை வைத்து, ஃபில்டரால் ஒலியின் துலக்கத்தை மட்டும் மாற்றினார்கள். அந்தப் பியானோ உலகம் முழுக்க நடனப் பாட்டுகளில் ஒலித்தது. அது ஒரு நல்ல சவுண்ட்தான், ஆனால் பியானோ அல்ல.

இந்த மூன்று வேலையும் இன்றைய மலிவான மொடல்களில் தொடர்கின்றன, அளவுதான் குறைந்திருக்கிறது. ஒரு பதிவை மூன்று அரைச்சுரம் மேலே ஏற்றினால் அது 19 வீதம் வேகமாக ஓடும். சுரம் மட்டுமல்ல, சுத்தியல் பட்ட சத்தம், மரப்பெட்டியின் அதிர்வு, அடங்கும் நேரம் எல்லாமே சேர்ந்து வேகமாகும், எடுக்கும் நேரம் 16 வீதம் சுருங்கும். பக்கத்துக் கட்டைக்கு வேறு பதிவு என்றால், இரண்டுக்கும் நடுவில் பியானோ மாறியதுபோல இருக்கும்.

விளம்பர எண்ணில் இரண்டு விஷயம் மறைந்திருக்கிறது. ஒன்று, அது கருவியில் இருக்கும் எல்லா வாத்தியங்களுக்குமான மொத்தம். மற்றது, பல கம்பனிகள் சுருக்கிச் சேமித்த ஒலியை, விரித்தால் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டுச் சொல்கின்றன. யமஹா மொடெக்ஸ் (2018) 5.67 ஜிகாபைட் என்பதும் அப்படி விரித்த கணக்கே. அதில் பியானோவுக்கு எவ்வளவு என்பதுதான் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. கோர்க் குரோனொஸ் (2011) பியானோப் பதிவுகளைச் சுற்றவிடாமல், முழு நீளத்துக்கு எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகத்திலிருந்து நேராக வாசிக்கிறது. ரோலண்ட் வி-பியானோ (2009) பதிவே வைத்துக்கொள்ளாமல் தந்தி, சுத்தியல், பலகை ஆகியவற்றின் நடத்தையைக் கணித்து ஒலியை உண்டாக்கியது. அதே தொழில்நுட்பம் 2019இல் ஃபான்டம் வேர்க்ஸ்டேஷனுக்கும் வந்தது. கணிக்கும் முறையில் மெகாபைட் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

எங்கள் கருத்து: 300 மெகாபைட்டை நல்ல கட்டைகளோடு வாசிப்பது, 3 ஜிகாபைட்டைப் பிளாஸ்டிக் கட்டைகளோடு வாசிப்பதைவிட மேல். 16 படி பலத்தில் பதிவிருந்தும், உங்கள் விரலால் அவற்றில் ஐந்தாறைத்தான் தொட முடியுமென்றால் மிச்சம் பெட்டிக்குள் தூங்கும்.


கேள்வி: பியானோவோடு ஸ்ட்ரிங்ஸ் சேர்த்து, பெடலை மிதித்தபடி வாசித்தால், முதலில் வாசித்த சுரங்கள் பாதியில் அறுந்துபோகின்றன. கீபோட் 64 பொலிஃபனி (ஒரே நேரத்தில் 64 குரல் ஒலிக்கும்). விரல் பத்துத்தானே, 64 போதாதா?
– தெஹிவளை வாசகர்

பதில்: விரலைக் கணக்கிடக் கூடாது, ஒலித்துக்கொண்டிருக்கும் குரல்களைக் கணக்கிடவேண்டும். பல மொடல்களில் ஸ்டீரியோ பியானோவின் ஒரு சுரம் 2 குரல் எடுக்கும். இரண்டு அடுக்குள்ள ஸ்டீரியோ ஸ்ட்ரிங்ஸ் 4 குரல். ஆக ஒரு கட்டைக்கு 6. நிமிடத்துக்கு 100 தட்டு என்ற வேகத்தில் வலக்கை பதினாறாம் மாத்திரைகளாக (தட்டுக்கு நான்கு சுரம்) ஓடினால், பெடல் அழுத்திய ஒரு பாரில் (நான்கு தட்டு) 16 சுரம், 96 குரல். இடக்கையில் இரண்டு சுரம் என்றாலும் இன்னும் 12. உங்கள் 64 பத்தாவது சுரத்தோடு முடிகிறது. பதினொன்றாவது வரும்போது கருவி பழைய சுரத்தை வெட்டும். பெரும்பாலும் வெட்டுப்படுவது கீழே நீண்டு நிற்கும் பேஸ் சுரம். அதனால்தான் காதில் இவ்வளவு குத்துகிறது.

தீர்வு ஸ்ட்ரிங்ஸ் பக்கம் இருக்கிறது. ஸ்ட்ரிங்ஸ் பகுதி பெடலைக் கேளாமல் செய்யுங்கள். யமஹாவில் அந்தப் பார்ட்டின் ரிசீவ் ஸ்விட்சில் சஸ்டெயினை அணைக்கவேண்டும். கோர்க்கில் கொம்பியின் (பல சவுண்ட் சேர்ந்த தொகுப்பு) மிடி ஃபில்டர் பக்கத்தில் டாம்பர் அடையாளத்தை எடுக்கவேண்டும். ரோலண்டில் ரிசீவ் ஹோல்ட்-1ஐ அணைக்கவேண்டும். பிறகு ஸ்ட்ரிங்ஸ் விரல் அழுத்தும்வரை மட்டும் ஒலிக்கும், பியானோ மட்டும் பெடலில் நிற்கும். குரல் மிச்சமாவது ஒரு பக்கம், கோர்ட் மாறும்போது ஸ்ட்ரிங்ஸ் குழம்பாமல் இருப்பதும் ஒரு லாபம். அதோடு ஸ்ட்ரிங்ஸின் இரண்டாவது அடுக்கை அணைத்துப் பாருங்கள், குழுவோடு வாசிக்கும்போது வித்தியாசமே தெரியாது.


கேள்வி: நான்கைந்து கட்டைகள் திடீரென்று மிகப் பலமாக ஒலிக்கின்றன, மெதுவாகத் தொட்டாலும் அப்படித்தான். சில நேரம் ஒலிப்பதே இல்லை. பியானோ சவுண்டில்தான் இது கூடத் தெரிகிறது. கீபோட் வாங்கி ஏழு வருடம்.
– பம்பலப்பிட்டி, கடற்கரைப் பக்கம் வசிக்கும் வாசகி

பதில்: முதலில் ஒரு சோதனை. ட்ரான்ஸ்போஸை (சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு) ஒன்று கூட்டிவிட்டு அதே கட்டையை அடியுங்கள். பலமான சத்தம் அதே கட்டையிலேயே நின்றால் பிழை கட்டைக்குக் கீழே. சுரத்தோடு பக்கத்துக் கட்டைக்கு நகர்ந்தால் பிழை சவுண்டில். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதலாவதுதான்.

கட்டையின் கீழே ஒரு ரப்பர் மொட்டு இருக்கிறது. அதற்குள் கறுப்பு நிறத்தில் மிளகளவு இரண்டு கரி வட்டங்கள், ஒன்று சற்றுத் தாழ்ந்தும் மற்றது சற்று உயர்ந்தும். கட்டை இறங்கும்போது முதலாவது கீழேயுள்ள மின்சுற்றுப் பலகையைத் தொடும், சில மில்லிசெக்கன் கழித்து இரண்டாவது தொடும். இடையிலுள்ள நேரத்தைத்தான் கீபோட் அளக்கிறது. நேரம் குறைந்தால் விரல் வேகமாக வந்தது, ஆகவே பலமான சத்தம். மிடியில் (மின்னணு வாத்தியங்கள் தமக்குள் பேசும் மொழி) இது 1 முதல் 127 வரை ஓர் எண். முதல் வட்டத்தில் தூசும் உப்புக் காற்றின் ஈரமும் படிந்தால் அது பிந்தித் தொடும், இரண்டாவதோடு ஒட்டினாற்போல். நேரம் கிட்டத்தட்டப் பூச்சியம், கீபோட் 127 என்று படித்துவிடும். இரண்டாவது தொடாவிட்டால் சத்தமே வராது. ஓர்கன் சவுண்டுக்கு எல்லா அடியும் ஒன்றுதான் என்பதால் அதில் தெரிவதில்லை, பியானோதான் காட்டிக்கொடுக்கும்.

உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத் திறவுங்கள். மின்சாரத்தைக் கழற்றி, மேசையில் போர்வை விரித்து, கீபோட்டைக் கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கத் திருகாணிகள் நீளத்தில் வேறுபடும், கழற்றிய இடத்தின்படியே ஒரு அட்டையில் குத்திவையுங்கள். நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் முறுக்கினால் மேல்மூடி வெடிக்கும். ரிப்பன் வயர்களைக் கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பெரும்பாலும் 12 கட்டைக்கு ஒரு பட்டியாக வரும், ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தெடுங்கள். கரி வட்டத்தை விரலால் தொடாதீர்கள், தோலின் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும்.

பலகையிலுள்ள தடங்களை 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த, நூல் விடாத துணியால் துடையுங்கள். ரப்பர் பக்கத்தை அதே துணியின் உலர்ந்த பகுதியால் ஒரே ஒரு தடவை ஒற்றி எடுங்கள். மண்தாளால் தேய்க்கக் கூடாது, கத்தியால் சுரண்டக் கூடாது. கரி ஒரு மெல்லிய பூச்சு, போனால் பட்டியையே மாற்றவேண்டும். பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். எண்ணெய் கலந்த கொன்டாக்ட் ஸ்பிரேயும் அதே காரணத்தால் வேண்டாம்.

கால் மணித்தியாலம் காயவிட்டு ரப்பரைத் திரும்பப் பொருத்தும்போதுதான் பலர் தவறுகிறார்கள். பட்டியின் கீழே சின்னச் சின்னக் காம்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பலகையின் ஓட்டைக்குள் முழுமையாக இறங்கவேண்டும். மழுங்கிய பல்லுக்குத்தியால் அழுத்துங்கள், ஊசி ரப்பரைக் கிழித்துவிடும். ஒரு காம்பு வெளியே நின்றாலும் அந்தக் கட்டை இரட்டையாக அடிக்கும். மூடியைப் பூட்டுமுன் எல்லாக் கட்டைகளையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

கடற்கரைப் பக்கம் என்பதால் வாசித்து முடிந்ததும் துணி உறை போடுவதைப் பழக்கமாக்குங்கள். யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள்.


கேள்வி: புதுப் பெடல் வாங்கினேன். மிதித்தால் சத்தம் நிற்கிறது, விட்டால் நீள்கிறது. திருப்பிக் கொடுக்கவா?
– மட்டக்குளி வாசகர்

பதில்: வேண்டாம், துருவம் மாறியிருக்கிறது. கம்பனிக்குக் கம்பனி பெடல் ஆளி வேறுவிதம். பெடலின் அடியில் ஒரு சிறு சுவிட்ச் இருந்தால் மறுபக்கம் தள்ளுங்கள். இல்லாவிட்டால் கீபோட்டின் சிஸ்டம் பக்கத்தில் பெடல் போலாரிட்டி என்று இருக்கும். பல கருவிகள் மின்சாரம் போட்ட கணத்திலேயே பெடலைச் சோதித்துத் தாமே சரிசெய்யும், எனவே கீபோட்டைப் போடும்போது காலைப் பெடலில் வைத்திருக்காதீர்கள்.

பாதி மிதிக்கும் நுட்பம் வேண்டுமென்றால் அதற்கான பெடலும் அமைப்பும் தேவை. யமஹாவில் எஃப்சி3ஏ பெடலோடு, சஸ்டெயின் பெடல் தெரிவில் ‘ஹாஃப் ஒன்’ என்று வைக்கவேண்டும். பெடலை வாங்கி அமைப்பை மறந்தவர்கள் ஏராளம்.


கேள்வி: மகள் தரம் 5 பியானோப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறாள். வீட்டிலிருக்கும் 61 கட்டை வேர்க்ஸ்டேஷன் போதுமா?
– கொட்டாஞ்சேனைத் தாய்

பதில்: போதாது. சவுண்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 61 கட்டையில் மேலும் கீழும் சுரங்கள் விடுபடும், ஸ்பிரிங் கட்டையில் விரல் பழகினால் பரீட்சைப் பியானோவின் கனமான கட்டையில் மெதுவான இடங்கள் ஒலிக்காமலே போகும். சுத்தியல் பொறி உள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோவே குறைந்தபட்சம். அதுவும் கிடைக்கும்வரை, வாரத்தில் இரண்டு தடவையாவது நிஜப் பியானோவில் வாசிக்க ஆசிரியரிடம் நேரம் கேளுங்கள். பரீட்சைக்கு எந்த வாத்தியத்தை ஏற்பார்கள் என்பதை அந்த ஆண்டுப் பாடத்திட்டத்தில் படித்துவிடுங்கள்.


கேள்வி: பழைய கீபோட்டை மடிக்கணினியோடு இணைத்து நல்ல பியானோ வாசிக்கலாம் என்கிறார்கள். செலவில்லாமல் முடியுமா?
– கல்கிசை வாசகர்

பதில்: முடியும். அலெக்ஸாண்டர் ஹோம் இலவசமாக வெளியிட்ட சாலமாண்டர் கிராண்ட் பியானோ நல்ல தொடக்கம். யமஹா சி5 பியானோவை மூன்று அரைச்சுரத்துக்கு ஒன்றாக 30 கட்டைகளில், ஒவ்வொன்றையும் 16 பலத்தில் பதிவுசெய்தது. எஸ்எஃப்இசட் என்ற கோப்பு வடிவிலுள்ளதை ஸ்ஃபோர்சாண்டோ என்ற இலவச மென்பொருளில் திறக்கலாம். பணம் கொடுக்கத் தயாரென்றால் பியானோடெக் என்ற மென்பொருள் கணித்து ஒலிப்பது, இடமும் நினைவகமும் மிகக் குறைவாகவே எடுக்கும்.

கீபோட்டில் லோக்கல் கன்ட்ரோலை (கட்டைகள் கீபோட்டின் சொந்த ஒலியை இயக்கும் அமைப்பு) அணையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பியானோ சேர்ந்து ஒலிக்கும். விண்டோஸ் என்றால் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் கட்டாயம். பஃபரை (கணினி ஒரே தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 128க்கு வைத்தால் 44.1 கிலோஹெர்ட்ஸில் 2.9 மில்லிசெக்கன் தாமதம், விரலுக்குத் தெரியாது. கரகரவென்றால் 256க்கு ஏற்றுங்கள், 5.8 மில்லிசெக்கன், அதுவும் சரி. மெதுவாக வாசிக்கும்போது சத்தம் வரவில்லை, அல்லது எல்லாமே உரக்க வருகிறது என்றால் பியானோவைக் குறைசொல்லாதீர்கள். மென்பொருளின் வெலோசிட்டி வளைவை (அடியின் பலத்தைச் சத்தமாக மாற்றும் கணக்கு) உங்கள் கட்டைக்கு ஏற்ப வளைக்கவேண்டும். ஸ்பிரிங் கட்டைகள் பெரும்பாலும் 60க்கும் 100க்கும் இடையில்தான் எண் அனுப்பும்.

ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் அது மடிக்கணினியின் சார்ஜர் வழியாக நிலத்தொடர்பு சுற்றிக்கொண்டது. இடையில் ஒரு டி.ஐ. பொக்ஸ் (வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும் சிறு பெட்டி) போட்டு, நிலத்தொடர்பைத் துண்டிக்கும் அதன் கிரவுண்ட் லிஃப்ட் ஆளியைத் தட்டுங்கள். பிளக்கின் எர்த் காலை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள், 230 வோல்ட், மைக்கில் வாய் வைப்பவரின் உயிரோடு விளையாடும்.


கேள்வி: கடைக்குப் போய் வேர்க்ஸ்டேஷன் பார்க்கப்போகிறேன். பியானோ சவுண்ட் நல்லதா என்று பத்து நிமிடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?
– கொழும்பு 13 வாசகர்

பதில்: உங்களுக்குப் பழகிய ஹெட்போனை எடுத்துப் போங்கள். கடை ஸ்பீக்கரில் எல்லாமே இனிமை. டெமோ பாட்டைத் தொடாதீர்கள். வெறும் கிராண்ட் பியானோவைத் தெரிந்து, ரிவேர்பையும் கோரஸையும் முற்றாக அணைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் அணைக்கவேண்டும், ஏனென்றால் ரிவேர்ப் பாதிக் குறையை மூடிவிடும்.

நடு சி-க்கு இரண்டு எட்டு (ஒக்டேவ்) கீழேயுள்ள சி-யை நடுத்தரமாக அடித்து 20 செக்கன் பிடித்திருங்கள். நிஜப் பியானோவில் நடுக் கட்டையிலிருந்து மேலே ஒரு சுரத்துக்கு மூன்று தந்தி, கீழே போகப் போக இரண்டு, அடியில் ஒன்று. தந்திகள் ஒன்றோடொன்று மிகச் சிறிதாக விலகி, தம்பூராவில் போல ஒலி மெல்ல அசைந்து அசைந்து அடங்கும். முதலில் வேகமாக இறங்கும், பிறகு நீண்டு மெதுவாக இறங்கும். மலிவான பதிவில் மூன்றாவது நான்காவது செக்கனிலேயே அந்த அசைவு நின்று, ஓர்கன்போல அசையாத ஒரு கோடாகிவிடும். அங்கேதான் சுற்று தொடங்குகிறது. ஒரு தடவை காதில் பட்டுவிட்டால் பிறகு எந்தக் கீபோட்டிலும் அதைத் தவறவிடமாட்டீர்கள்.

அடுத்து அதே கட்டையைத் தொட்டும் தொடாமலும் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் கூட்டிப் பத்துத் தடவை அடியுங்கள். மங்கிய ஒலி படிப்படியாகத் துலங்கவேண்டும், ஓரிடத்தில் திடீரென்று வேறு பியானோ வந்து குதிக்கக் கூடாது. பிறகு ஒரே பலத்தில் கீழிருந்து மேலாகக் கறுப்பு வெள்ளை எல்லாக் கட்டைகளையும் வரிசையாக வாசியுங்கள். எங்கே நிறம் மாறுகிறது என்று கவனியுங்கள். மாற்றம் நடு சி-யைச் சுற்றி இருந்தால் விட்டுவிடுங்கள், உங்கள் மெட்டு முழுவதும் அங்கேதான் ஓடும்.

சத்தம் வராதபடி ஒரு கீழ் சி-யை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஒரு எட்டு மேலேயுள்ள சி-யைப் பட்டென்று அடித்து விடுங்கள். நிஜப் பியானோவில் பிடித்திருக்கும் தந்தி தானாக முனகும். வீணைக்காரருக்கும் வயலின்காரருக்கும் பழகிய அதிர்வுதான் இது. வேர்க்ஸ்டேஷனில் இது இருந்தால் நல்ல பியானோவை யோசித்துச் செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் அது மட்டும் வாங்காமல் விடும் காரணமல்ல, குழுவோடு வாசிக்கும்போது யாருக்கும் கேட்காது.

கடைசியாக மேல் நுனியில் 20 கட்டைகள். நிஜப் பியானோவில் இவற்றுக்குத் தந்தியை அடக்கும் டாம்பரே இல்லை, விரலை எடுத்தாலும் ஒலி தானாகத்தான் அடங்கும். கீபோட்டில் விரலை எடுத்ததும் கத்தரித்ததுபோல் நின்றால், பியானோ தெரிந்த ஒருவர் அந்தச் சவுண்டை முடித்துவைக்கவில்லை என்று அர்த்தம். இவ்வளவுக்கும் பிறகு ரிவேர்பைத் திரும்பப் போட்டு உங்களுக்குப் பிடித்த பாட்டை வாசியுங்கள்.